நடுவில் நிற்க ஒருவன்

பந்தாட்டத்தில் எனக்கு மூளை கிடையாது, நெற்றிதான் உண்டு. ஆறடி உயரம், மாட்டுத் தோள். ஜப்பான்காரன் வருவதற்கு முன் ஃபேரர் பார்க் திடலில் ஞாயிறுதோறும் ஆடுவோம். நான் வலது ஹாஃப். எனக்குப் பக்கத்தில், நடுவில், சென்டர் ஹாஃபாக என் கூட்டாளி. என் தோளுக்குக்கூட வரமாட்டான், ஆனால் பந்து அவன் காலில் ஒட்டிக்கொள்ளும். அன்றைய ஆட்ட முறை அவனுக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை. பின்னால் பேக் இரண்டு பேர், நடுவில் ஹாஃப் நாங்கள் மூவர், முன்னால் ஐந்து பேர். சென்டர் ஹாஃப் திடல் முழுவதும் திரியலாம், பந்தை வாங்கி இஷ்டப்பட்டவனுக்குக் கொடுக்கலாம். உயரப் பந்துக்கு அவன் குதிக்கவே மாட்டான். தரைக்கு வரட்டும் என்று காத்திருப்பான். அதுவரை அவன்மீது எவனும் பாயாமல் இடித்துத் தள்ளுவது என் வேலை. அந்த வேலை எனக்குப் பிடித்தும் இருந்தது.

இருவருக்கும் செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை. ஜப்பானியர் காலத்தில் அங்கே அறை வாங்காத நாள் கிடையாது. சரியாகக் குனியவில்லை என்று ஒருவனைத் துப்பாக்கிக் கட்டையால் இடித்ததில் பல் கொட்டியதைப் பார்த்திருக்கிறேன். கடற்படை அதிகாரி ஒருவன் தொழிலாளர்களை வைத்து ஓர் அணி நடத்தினான். அணியில் இருந்தால் இரட்டைப் பங்கு அரிசி. அதைவிடப் பெரிது, சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கும் பட்டியலில் பெயர் வராது. அங்கே போனவன் எவனும் அதுவரை திரும்பியதில்லை.

பிறகு அதிகாரி மாறினான். புதியவனுக்குப் பந்தாட்டம் தெரியும், அதுதான் சனியன். சென்டர் ஹாஃப் ஊர் சுற்றக் கூடாது, இரண்டு பேக்குகளுக்கு நடுவில் சுவராக நின்று எதிரியை மறிக்க வேண்டும் என்றான். எங்கள் இருவரையும் அந்த ஒரே இடத்துக்குச் சோதிக்கப்போகிறானாம். சயாம் பட்டியலில் ஓர் ஆள் குறைவதால் தோற்றவன் மறுநாள் லாரி ஏற வேண்டுமாம். மொழிபெயர்ப்பாளராக இருந்த யாழ்ப்பாணத்துக் குமாஸ்தா இதைத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

திடலுக்குப் போகும்போது கூட்டாளி என் கையைப் பிடித்தான்.

"மச்சான், ஒன்னு உனக்கு, ஒன்னு எனக்கு. மாத்தி மாத்தி எடுப்போம். சமமா ஆடுனா என்ன பண்ணுவான் லா? ரெண்டு பேரையும் வச்சுக்குவான்."

"சரிடா" என்றேன்.

அதிகாரியே பந்தை வானத்துக்கு உதைத்தான். முதல் பந்தை எனக்கு விட்டுக்கொடுத்து ஒதுங்கினான் கூட்டாளி. இரண்டாவதுக்கு முகத்தைத் தூக்கிக் காத்திருந்தான். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் நான் இருந்தால் அவன் என்றைக்குப் பார்த்தான்? ஓடி வந்து எகிறினேன். நெற்றி பந்தில், முழங்கை அவன் மூக்கில். எலும்பு நொறுங்கியது எனக்குக் கேட்டது. அவன் எழுந்து, ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். மூன்றாவது பந்துக்கு என் முட்டியை அவன் விலாவில் இறக்கினேன். அதிகாரி கை தட்டினான். அதற்கப்புறம் கூட்டாளி எழவில்லை. எனக்கு அப்போது வெட்கம் வந்தது என்று சொன்னால் பொய். பிழைத்துக்கொண்டேன் என்று சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் காலை வீங்கிய முகத்தோடு அவனை லாரியில் ஏற்றினார்களாம். நான் அந்தப் பக்கமே போகவில்லை.

மூன்று வாரம் கழித்து ஜப்பானிய மாலுமிகள் அணியோடு ஆட்டம். வந்த உயரப் பந்தையெல்லாம் முட்டித் தள்ளினேன், ஒன்றைக்கூட விடவில்லை. தள்ளிய பந்தை வாங்கத்தான் எனக்கு முன்னால் ஆளில்லை. எல்லாம் எதிரி காலுக்கே போய்ச் சேர்ந்தன. ஐந்து கோல் வாங்கினோம். அதிகாரி என்னை மண்டியிட வைத்து, மூங்கில் கழி பிளக்கும்வரை முதுகில் அடித்தான். மூச்சு வாங்க நின்று, குமாஸ்தாவிடம் ஏதோ கத்தினான். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அந்தக் கட்டையனைக் கூட்டிக்கொண்டு வரட்டாம். நீ பின்னுக்கு நில், அவன் உனக்கு முன்னுக்கு விளையாடட்டுமாம். ரெண்டு பேரும் வேணுமாம்."

போர் முடிந்ததும் சயாமிலிருந்து சிலர் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார்கள். அவன் வரவில்லை. ஜப்பான்காரன் கொன்றுவிட்டான் என்று சிராங்கூன் ரோட்டில் எல்லோரும் சொன்னார்கள். நானும் ஆமாம் என்றேன்.