கழுத்துக்குக் கீழே ஒரு சிநேகிதன்

போன கிழமை மொன்ட்ரியாலின் கோட்-டெ-நெய்ஜ் மெட்ரோவில் எனக்கு எதிரே ஒரு மாணவன் வந்து உட்கார்ந்தான். வெளியே பனி சேறாகிக் கிடக்கிற நாளில் நாடா இல்லாத தோல் சப்பாத்துப் போட்டிருந்தான். பனி உருக வீதியில் கொட்டுகிற உப்பு அதன் ஓரமெல்லாம் வெள்ளைக் கோடாகக் காய்ந்திருந்தது. வினாகிரியில் தண்ணீர் கலந்து துடை தம்பி என்று சொல்ல வாயெடுத்தேன். பிரெஞ்சிலா ஆங்கிலத்திலா என்று யோசித்து முடிப்பதற்குள் அவன் இறங்கிப் போய்விட்டான். என் காரியங்களில் பாதி இப்படித்தான் போயிருக்கிறது.

வினாகிரி என்றால் உங்களுக்கு ஊறுகாய் நினைவு வரலாம். எனக்கு இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நான் தனியாக இருந்த பேஸ்மென்ட் அறைதான் வரும். அப்போது ஒரு மருத்துவமனையின் சலவைப் பகுதியில் எனக்கு வேலை. நாள் முழுக்கப் பச்சை அங்கிகளை மடிப்பேன். எல்லாம் ஒரே நிறம், ஒரே வெட்டு. இயந்திரச் சத்தத்தில் யாரோடும் கதைக்கவும் முடியாது. அதனால்தானோ என்னவோ எனக்கு உடுப்புப் பைத்தியம் பிடித்தது.

எந்த உடுப்பு என்று சொன்னால் சிரிக்கக்கூடாது. அதற்கும் ஐம்பது வருடங்களுக்கு முன் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பையன்கள் போட்ட உடுப்பு. ஐவி ஸ்டைல் என்பார்கள். தோளில் பஞ்சு வைக்காத கோட்டு, கொலர் நுனியில் பொத்தான் வைத்த ஆக்ஸ்போர்ட் சட்டை, சாம்பல் நிறக் கம்பளிக் கால்சட்டை, காலில் லோஃபர் என்கிற நாடா இல்லாத சப்பாத்து. எல்லாம் பழைய உடுப்புக் கடையில்தான் தொடங்கியது. குளிருக்கு என்று ஒரு பழுப்பு ட்வீட் கோட்டு வாங்கிப் போட்டுப் பார்த்தேன். இந்த நாட்டுக்கு வந்தபிறகு முதல் தடவையாகக் கண்ணாடியில் யுத்தத்துக்கு ஓடித்தப்பி வராத ஒருவன் நின்றான். அவனை எனக்குப் பிடித்துவிட்டது.

நம்மவர்களிடம் இதையெல்லாம் சொல்ல முடியுமா? என்னோடு வேலை செய்த சிறி ஒருநாள் கோட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "செத்த வெள்ளையன்ர கோட்டோ மச்சான்?" என்று கேட்டான். அதற்குப் பிறகு அதை வேலைக்கும் போடவில்லை, ஞாயிறு பூசைக்கும் போடவில்லை. அறைக்குள்ளேயே உடுத்து அறைக்குள்ளேயே கழற்றினேன்.

அப்போதுதான் இணையத்தில் அந்தக் கூட்டத்தைக் கண்டுபிடித்தேன். உலகத்தின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் என்னைப் போன்ற கிறுக்கர்கள் அன்றன்று உடுத்ததைப் படம் பிடித்துப் போட்டு, கொலரின் வளைவைப் பற்றிப் பக்கம் பக்கமாகச் சண்டை பிடிப்பார்கள். படத்தைக் கழுத்தோடு வெட்டிவிடுவது அங்கே வழக்கம். ஒருவருக்கும் தலை கிடையாது, புனைபெயர்தான். நான் கைகளையும் பொக்கற்றுக்குள் விட்டுக்கொள்வேன். ஸ்டைல் என்று நினைத்திருப்பார்கள். கையின் நிறம் தெரிந்தால் சட்டையை விட்டுவிட்டு என்னைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்களோ என்று எனக்குப் பயம்.

அங்கே மேப்பிள் என்ற பெயரில் ஒருவர் மொன்ட்ரியாலிலிருந்து எழுதினார். வினாகிரி வைத்தியத்தைச் சொல்லித் தந்தவர் அவர்தான். அவருடைய கையும் பொக்கற்றுக்குள்ளேதான் இருக்கும். கொலர் விறைத்து நிற்கக்கூடாது, அப்போதுதான் தூங்கி எழுந்ததுபோல் இருக்கவேண்டும் என்பார். நல்ல ஆங்கிலம். மலைக்கு அந்தப் பக்கத்தில், பணக்கார வெள்ளையர் பகுதியில் நாய் வளர்க்கிற ஓய்வுபெற்ற பேராசிரியர் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, இன்றைக்கு நான் ஒருவரோடும் பேசவில்லை என்று அவருக்கு எழுதினேன். நான் இருநூறு பேரோடு பேசினேன், எனக்கும் அப்படித்தான் இருக்கிறது என்று பதில் வந்தது. அந்த வரியை நான் பல நாள் மனதுக்குள் வைத்துச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கடைசியில் சந்திப்போம் என்று அவரே எழுதினார். ஒரு சனிக்கிழமை பின்னேரம், நகரத்தின் நடுவே ஒரு கோப்பிக் கடை. அடையாளம் என்ன என்று கேட்டேன். சப்பாத்தைப் பார்த்தால் தெரியாதா என்றார். எனக்கு இந்த ஊரில் ஒரு சிநேகிதன் கிடைக்கப் போகிறான் என்று சட்டைக்கு இஸ்திரி போடும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மொன்ட்ரியால் மாரிக் குளிரில் லோஃபரோடு தெருவில் நடக்க முடியாது. பனிச் சப்பாத்தோடு போய், கதவுக்குப் பக்கத்து மேசையில் குனிந்து, பையிலிருந்த லோஃபரை எடுத்து மாற்றினேன். அடுத்த நாற்காலியிலும் ஒருவர் குனிந்து அதையே செய்துகொண்டிருந்தார். அவருடைய லோஃபர் கருஞ்சிவப்பு. இடது காலின் மடிப்பைப் பார்த்ததுமே மேப்பிள் என்று தெரிந்துவிட்டது. சாம்பல் கால்சட்டை, நீலக் கோட்டு, தூங்கி எழுந்த கொலர். படங்கள் அதோடு முடிந்துவிடும். அன்றைக்கு அதற்கு மேலே ஒரு முகம் இருந்தது.

றெஜி அண்ணை. நகரின் வடக்கே மொன்ட்ரியால்-நோரிலிருந்து வருபவர், எங்கள் தமிழ்த் தேவாலயப் பங்கின் பாடகர் குழுத் தலைவர். திருவிழாவுக்கு மண்டபம் பிடிப்பது முதல் செத்தவீட்டுக்குப் பஸ் ஒழுங்கு செய்வது வரை அவர்தான். எல்லோருக்கும் அவரைத் தெரியும். பாடகர் அங்கியிலும் மொத்தமான பனிக்கோட்டிலும் தவிர நான் அவரைக் கண்டதே இல்லை.

அவரும் என் காலிலிருந்து தொடங்கி மேலே வந்தார். முகத்தில் வந்து நின்றார். நாங்கள் எழுதிய வரிகளெல்லாம் இரண்டு பேருக்கும் ஒன்றாக நினைவுக்கு வந்திருக்கவேண்டும். இனி ஞாயிறுதோறும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவேண்டும்.

"நீரோ?" என்றார். "ஆரும் வரக் கிடக்கோ?"

"ஓம் அண்ணை. ஒரு சிநேகிதன்."

"எனக்கும் ஒரு ஆள் வரவேணும்."

ஒரே மேசையில் இருந்து கோப்பி குடித்தோம். பெரிய வெள்ளிப் பாட்டுப் பயிற்சி பற்றிக் கதைத்தார், ஊரிலிருந்து யாரோ ஸ்பொன்சரில் வருவது பற்றிக் கதைத்தார். நான் ஓம் ஓம் என்றேன். இடைக்கிடை இருவரும் கதவைப் பார்த்தோம். அந்த நேரத்தைப் போலத் தனிமையை நான் பேஸ்மென்டில்கூட அறியவில்லை. பிறகு அவர் குனிந்து பனிச் சப்பாத்தை மாட்டி, "ஆள் வரக் காணேல்லை, நான் வாறன்" என்று எழுந்தார்.

மறுநாள் மேப்பிளிடமிருந்து செய்தி: மன்னிக்கவும், பனியால் வரமுடியவில்லை. நானும் வரவில்லை என்று எழுதினேன். அதன் பிறகு இருவரும் அங்கே படம் போடவில்லை.

இப்போது அந்தத் தளம் இல்லை. தலையில்லாத அத்தனை பேரும் எங்கே போனார்களோ. கோப்பிக் கடையும் மருந்துக் கடையாகிவிட்டது. சில வருடம் கழித்து றெஜி அண்ணை குடும்பத்தோடு ரொறன்ரோவுக்குப் போனார். பங்கு மண்டபத்தில் பிரியாவிடை. எல்லோரும் வரிசையில் நின்று கை கொடுத்தோம். என் முறை வந்தபோது அவர் கையை விடவில்லை.

"அண்டைக்கு உமக்கு வரவேண்டிய ஆள் பேந்தும் வரேல்லையோ?" என்றார், குரலைத் தாழ்த்தி.

"இல்லை அண்ணை."

"என்ர ஆளும் வரேல்லை. நல்ல மனுசன். எழுத்தில தெரியும்."

"என்ர ஆளும் அப்பிடித்தான் அண்ணை."

பின்னால் வரிசை நெருக்கியது. நான் நகர்ந்து அடுத்தவருக்கு இடம் விட்டேன்.