மலாக்காவில் நான் குடிச்ச ரெண்டு கிளாஸ் ஒயின்

அறுபத்திரெண்டுல ஒரு ஞாயித்துக்கிழமை, மலாக்காவுக்கு ஒயின் ருசி பார்க்கப் போனேன்!

(நானேதான். சிரிக்காதீங்க. எனக்கு அப்ப பத்தொம்பது வயசு.)

மூணாங்கிளாஸோட படிப்பு நின்னு போச்சு. எழுத்துல தப்பு இருக்கும், கண்டுக்காதீங்க. ஞாபகத்துல தப்பு இருக்காது.

கல்யாணம் ஆகி எட்டு மாசம். என் வீட்டுக்காரர் வேதக்காரர். நான் ஞானஸ்நானம் வாங்கி, பாக்கியம்ங்கிற பேரை விட்டுட்டு தெரசா ஆனேன். எங்கப்பா அன்னைக்கே கதவைச் சாத்திட்டார்.

ஃபேரர் பார்க் பக்கம் ஒத்த ரூம். அவர் துறைமுகத்துக்கு ஷிப்ட் போனா, நான் பேசுறது சுவத்துப் பல்லிகிட்டதான்.

அதனால எனக்கு ஒரே ஆசை. கோயில் பொம்பளைங்களோட மாதா சபையில சேரணும். நீல ரிப்பன் போட்டுக்கிட்டு பூசைக்கு அவங்களோட வரிசையில நடக்கணும்.

பேரை சாமியார்கிட்ட கொடுக்க வேண்டியது சபைத் தலைவி. தலைவி யாரு? என் வீட்டுக்காரரோட அக்கா, ஆரோக்கியமேரி மதினி!

சபை மலாக்கா போக பஸ் பிடிச்சப்ப மதினியே கூப்பிட்டாங்க.

"நீயும் வா புள்ள. எல்லாரும் உன்னைப் பார்க்கட்டும். அப்புறம் பேரைக் கொடுத்துடலாம்."

அன்னைக்கு ராத்திரி நான் தூங்கவே இல்ல, சந்தோஷத்துல!

விடிய நாலு மணிக்கு எங்க ரூமுக்குப் பக்கத்துல, தேக்காவுல பஸ் ஏறினோம். எல்லாரும் ஜோடி ஜோடியா உட்கார்ந்தாங்க. நான் டிரைவருக்குப் பின்னால, சோத்துப் பானைக்குப் பக்கத்துல.

மூவார் ஆத்துல அப்ப பாலம் கிடையாது. பஸ்ஸையே படகுல ஏத்தி அக்கரை கொண்டு போவாங்க. "அய்யோ, எவ்வளவு பெரிய ஆறு!"ன்னு சொல்லத் திரும்பினேன். சொல்ல ஆள் இல்ல. பானையைப் பார்த்துச் சொல்லிட்டேன்.

மலாக்காவுல செவப்புக் கட்டடம் பார்த்தோம், பழைய கோட்டை வாசல் பார்த்தோம். மலை மேல கூரை இல்லாத கோயில் ஒண்ணு. அங்கேருந்து பார்த்தா கடல், தகடு மாதிரி.

போட்டோ எடுக்க எல்லாரும் நின்னாங்க. நானும் தலையை வாரிட்டு ஓடினேன்.

"தெரசா, நீ பைங்களைப் பார்த்துக்க, லா. இங்க திருடனுங்க ஜாஸ்தி"னு வரிசையிலேருந்து ஒரு குரல்.

(இருபத்தெட்டு பை. அந்த போட்டோவுல நான் இல்ல. பைங்க கூட இல்ல.)

பன்னெண்டு மணிக்கு எலுமிச்சம்பழ சோறு சாப்பிட்டோம். அதுக்கப்புறம் யாரும் வாயில எதையும் போடல. நாலு மணிக்கு பூசை. நன்மை வாங்கணும்னா, அதான் சாமியார் நாக்குல வைக்கிற அப்பம், அதுக்கு மூணு மணி நேரம் முன்னாலேருந்து சாப்பிடக்கூடாது. தண்ணி குடிக்கலாம். உபதேசியார் எனக்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான்.

ரெண்டரை மணிக்கு கடலோரத்துல ஒரு யூரேசிய ஆன்ட்டி வீடு. சபையில ஒருத்தருக்குத் தெரிஞ்சவங்க. வீட்டுலயே ஒயின் போடுவாங்க. மேசை மேல ரெண்டு ஜாடி. ஒண்ணு உலர்ந்த திராட்சை, ஒண்ணு அன்னாசி. பக்கத்துல ஒரு தட்டு நிறைய கேக்.

ஆன்ட்டி முதல்ல கேக்கை நீட்டினாங்க.

"வேணாம் ஆன்ட்டி, நான் நன்மை வாங்கப் போறேன்"னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி சத்தமாச் சொன்னேன். எனக்கு அவ்வளவு பெருமை!

அடுத்து திராட்சை ஒயினை ஊத்திக் கொடுத்து, "மினும், மினும்"னாங்க. குடி, குடி.

குடிக்கிறதுதானே! குடிச்சேன்.

அட, என்னா ருசி! தொண்டை வரைக்கும் இனிப்பு, அதுக்குக் கீழ நெருப்பு.

மதினி என்னையே பார்த்துட்டு இருந்தாங்க. சிரிச்சாங்க. எட்டு மாசத்துல என்னைப் பார்த்து அவங்க சிரிச்சது அதுதான் முதல் தடவை.

"நல்லாருக்கா? அன்னாசியும் பாரு புள்ள."

அந்தச் சிரிப்புக்காகவே ரெண்டாவது கிளாஸும் குடிச்சேன்.

மத்தவங்க எல்லாம் "பாட்டில்ல கொடுங்க ஆன்ட்டி, வீட்டுக்குக் கொண்டு போறோம்"னு வாங்கிப் பையில வெச்சுட்டாங்க. நான் அதைக் கவனிச்சேன். ஏன்னு யோசிக்கல.

பூசையில நன்மைக்கு மணி அடிச்சாச்சு. முக்காட்டை இழுத்துவிட்டு எழுந்தேன். மதினி என் முந்தானையைப் பிடிச்சாங்க.

"எங்க போற? ஒயின் குடிச்சேல்ல?"

"குடிக்கிறதுதானே மதினி? கேக் தொடவே இல்லையே!"

"மதுவுக்கும் மூணு மணி நேரம்தான். உட்காரு."

உட்கார்ந்தேன். இருபத்தேழு பேர் என் முழங்காலைத் தாண்டித் தாண்டிப் போனாங்க. கை கூப்பி, கண்ணை மூடி, திரும்பவும் தாண்டி வந்தாங்க. அந்தக் காலத்துல நன்மைக்குப் போகாம பெஞ்சுல உட்கார்ந்திருந்தா, ஏதோ பெரிய பாவம்னு அர்த்தம். உள்ளூர் ஜனம் பூரா என்னைத்தான் பார்த்துச்சு.

பின்னாலேருந்து எங்க சபைக்காரி ஒருத்தி குரல்: "இன்னும் திருநீறு வாசமே போகல, இதுக்கு ரிப்பன் கேக்குதாம்."

(சொன்னது யாருன்னு தெரியும். அவங்க பேரப்பிள்ளைங்க இதைப் படிக்கலாம். அதனால விடுறேன்.)

திரும்பி வர்றப்ப, படகுல மதினிகிட்ட நேராப் போனேன்.

"நான் கிளாஸை எடுத்தப்பவே உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"அப்ப ஏன் மதினி சொல்லல?"

"நம்ம வீட்டுப் பொண்ணுன்னா சொல்லாமலே தெரிஞ்சிருக்கும்"னாங்க. அப்புறம் ஆத்தைப் பார்த்துக்கிட்டே, "இந்த வருஷம் உன் பேரைக் கொடுக்க முடியாது புள்ள. எல்லாரும் பார்த்துட்டாங்க."

அடுத்த வருஷம் அவங்களே வந்து கேட்டாங்க. நான் வேணாம்னுட்டேன். அதுக்கடுத்த வருஷமும் வேணாம்னேன். கடைசி வரைக்கும் பூசைக்குத் தனியாத்தான் போனேன், தனியாத்தான் வந்தேன்.

மதினி போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷம் ஆச்சு. "இன்னுமா மனசுல வெச்சிருக்கீங்க"ன்னு எம்மகன் கேக்குறான். ஆமா, வெச்சிருக்கேன்.

ரிப்பன் கெடைக்காததுக்கு இல்ல. நான் குடிச்சதுக்கும் இல்ல, அது என் தப்பு.

அந்தச் சிரிப்புக்கு.

நீங்களே சொல்லுங்க. புதுசா வந்த ஒரு பொண்ணு தெரியாம கிளாஸைக் கையில எடுக்குறா. "வேணாம் புள்ள"ன்னு ரெண்டு வார்த்தை. உங்க வீட்டுல யாராவது ஒருத்தராவது சொல்லியிருப்பீங்களா, மாட்டீங்களா?