சகலனுக்குக் கிடைத்த அனுமதி

சகலன் தன் அட்டையைக் காட்டியதும் அந்தக் கண்ணாடிக் கதவு சத்தமில்லாமல் விலகி, அவரை உள்ளே விட்டு மூடிக்கொண்டது. கையில் கோப்பியோடு நான் வெளியே நின்றேன். அன்று காலை எரிந்ததுபோல என் வயிறு வேறொரு நாளும் எரிந்ததில்லை.

சகலன் என் மனைவியின் தங்கையைக் கட்டியவர், என்னைவிட இளையவர். பரமட்டாவில் நான் வேலை செய்யும் மென்பொருள் நிறுவனத்தில் அவரைச் சேர்த்துவிட்டதே நான்தான். நிறுவனத்துக்கு நாங்கள் குடியேறிய நாட்டு ராணுவத்தின் வேலையொன்று கிடைத்தபோது, அதில் இறங்க அரசாங்கத்தின் பாதுகாப்பு அனுமதி வேண்டும் என்றார்கள். இருவரும் விண்ணப்பித்தோம். குழுவுக்குத் தலைமை எனக்குத்தான் என்று மேலாளர் வாய்விட்டே சொல்லியிருந்தார்.

என்னை விசாரித்த அதிகாரி மரியாதையான பெண்மணி. வெளிநாட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். அம்மா யாழ்ப்பாணத்தில், அண்ணன் கொழும்பில், அதுவும் அரசாங்க உத்தியோகம். அம்மாவோடு தினமும் பேசுவேன் என்றேன். என்ன பேசுவீர்கள் என்றார். முருங்கைக்காய் விலை, அவருடைய முழங்கால் வலி, பக்கத்து வீட்டு நாய் என்றேன். சிரிக்காமல் குறித்துக்கொண்டார். அம்மாவுக்கு ஏதாவது என்றால் விசாவுக்கு நிற்காமல் ஓடிப்போய் இருக்கலாம் என்றுதான் இலங்கைக் குடியுரிமையைத் திரும்ப எடுத்திருந்தேன். தேவைப்பட்டால் அதைக் கைவிடுவீர்களா என்று கேட்டார். என்னால் உடனே ஓம் சொல்ல முடியவில்லை.

சகலனுக்கு அனுமதி சுருக்காக வந்தது. என்னுடையதை மறுக்கவில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார்கள். வேலை காத்திருக்கவில்லை, தலைமை அவருக்குப் போனது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் வெளியே வரும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று நான் கேட்கவும் முடியாது, அவர் சொல்லவும் முடியாது. அந்த மௌனம்கூட என்னிடம் பெருமையடிப்பதாகவே பட்டது. "அவர் கெட்டிக்காரன்தானே" என்று மனைவி சாதாரணமாகச் சொன்னதற்கு, அன்று முழுக்க அவளுக்கு முகம் கொடுக்கவில்லை.

ஒரு ஞாயிறு நார்த்மீட்டில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். குசினியில் இருவரும் இறால் உரித்துக்கொண்டிருந்தோம். அடக்க முடியாமல் கேட்டேன்.

"உமக்கு மட்டும் எப்பிடி இவ்வளவு கெதியா வந்தது? என்ன சொன்னனீர்?"

"சொல்ல என்ன இருக்கு, அண்ணை? ஊரில ஆர் இருக்கினம் எண்டு கேட்டவை. ஒருத்தரும் இல்லை எண்டன். அம்மா, அப்பா, தங்கச்சி, எல்லாரும் கடைசிச் சண்டையில செத்துப்போட்டினம். அந்த மனிசி பேனையை வைச்சிட்டு என்னையே பாத்துக்கொண்டிருந்தா."

அவர் தனியாக வந்து சேர்ந்தவர் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அதுதான் அந்தக் கதவைத் திறந்தது என்று நான் நினைத்ததேயில்லை.

"முந்தி ஒஃபிசில உங்கட போன் அடிக்கும். 'ஓம் அம்மா, சாப்பிட்டனான், வையுங்கோ' எண்டு எரிஞ்சு விழுவியள். எனக்கு எழும்பி வந்து அந்தப் போனைப் பறிக்கோணும் போல இருக்கும்."

சற்று நேரத்தில் அம்மா அழைத்தார். ஈரக் கையைத் துடைத்துவிட்டுப் போனைச் சகலனிடம் நீட்டினேன்.

அதன் பிறகு ஞாயிறுதோறும் அவர் அம்மாவோடு பேசத் தொடங்கினார். பிறகு நாள்தோறும். நான் அழைத்தால், "அவர் காலமையே கதைச்சவர்" என்பார் அம்மா. பொறாமை இடம் மாறி வந்து உட்கார்ந்தது.

போன மாதம் கோப்பிக் கடையில் சகலன் சொன்னார்: "பாதுகாப்பு அதிகாரியிட்ட போயிட்டு வந்தனான், அண்ணை. வெளிநாட்டில ஆரோடயும் நெருக்கமானா அறிவிக்கோணும். அம்மாவைச் சொல்லியிருக்கிறன்."

"ஏன் வீண் வில்லங்கம்? உம்மட மனிசியின்ர சொந்தம் எண்டு விட்டிருக்கலாமே. திரும்ப எல்லாத்தையும் கிண்டுவாங்கள்."

"கிண்டட்டும். ஊரில ஆர் இருக்கினம் எண்டு கேட்டா, இனி எனக்குச் சொல்ல ஒராள் இருக்கிறா."

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் அப்படியொரு பெருமை. நான் அந்தப் பெண்மணியிடம் அம்மாவைப் பற்றிச் சொன்னபோது என் குரலில் அது இருக்கவில்லை. இப்போது அதற்கும் சேர்த்துத்தான் அவர்மேல் பொறாமைப்படுகிறேன்.