இதோக்காவின் பரிகாரம்

மாதா கோயிலில் யார் எந்த மூலையிலிருந்து எதற்குக் கூப்பிட்டாலும் "இதோ" என்று ஒரு குரல் வரும். மெழுகுவர்த்தி தீர்ந்துவிட்டதா, இதோ. மண்டபத்துச் சாவி வேண்டுமா, இதோ. யார் வீட்டுக் குழந்தையோ பெஞ்சுக்கு அடியில் வாந்தி எடுத்துவிட்டதா, இதோ, கையில் வாளியும் துணியுமாக. அந்தக் குரலுக்குப் பங்கு மக்கள் வைத்த பெயர் இதோக்கா. சொந்தப் பெயர் ஒன்றும் அவளுக்கு உண்டு. வங்கியில் கையெழுத்துப் போடும்போது மட்டும் அது தேவைப்பட்டது.

வாரம் முழுக்க அவளுக்கு வேலை மருத்துவமனையின் சலவைப் பிரிவில். ஈரத்தோடு வரும் விரிப்புகளைச் சூடான உருளைக்குள் செலுத்தி, மறுபக்கம் வெளியே வரும்போது மடித்து அடுக்க வேண்டும். அந்த வெக்கையில் நாள் முழுக்க நின்றுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் முன்னால் கோயிலுக்குப் போய், பீடத் துணி விரித்து, பூ வைத்து, பூசை முடிந்ததும் மண்டபத்தில் எல்லோருக்கும் காபி ஊற்றுவாள். காபி ஊற்றியபின் கப்புகளைக் கழுவுவாள். கழுவியபின் நாற்காலிகளை அடுக்குவாள். வீட்டுக்கு வந்து கால் நீட்டும்போது, இன்றைக்கு நாம் உயிரோடு இருந்ததில் ஒரு நியாயம் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றும்.

இந்த நியாயக் கணக்கு சின்ன வயதிலேயே தொடங்கிவிட்டது. வீட்டுக்கு யாராவது வந்தால் அம்மா மூன்று பெண்களையும் வரிசையாக நிறுத்திக் காட்டுவாள். "இவ பெரியவ, நல்லாப் பாடுவா. இவ சின்னவ, வகுப்புல முதல் மார்க்கு." நடுவில் நிற்பவளிடம் வரும்போது அம்மா கொஞ்சம் யோசிப்பாள். "இது நல்லா ஒத்தாசை பண்ணும்." மற்ற இருவரும் 'இவ', நடுவில் நின்றவள் மட்டும் 'இது'. அம்மா அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. உண்மையிலேயே பெருமையாகத்தான் சொன்னாள். வந்தவர்களுக்கு அதற்குள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்திருப்பாள் அந்த நடுப்பெண்.

பிரச்சினை வந்தது கோயில் கட்டியதன் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில். பங்குப் பேரவைச் செயலர், தொழிலில் ஒரு கணக்காளர், நன்றியுரை வாசித்தார். ஒலிபெருக்கிக்காரருக்கு நன்றி சொன்னார். வாசலில் வண்டிகளை ஒழுங்காக நிறுத்த வைத்தவருக்கு நன்றி. நாற்காலிகளை வாடகைக்குத் தந்த கடைக்கு நன்றி. மழை பெய்யாமல் பார்த்துக்கொண்ட ஆண்டவருக்கும் நன்றி. அந்த வாடகை நாற்காலிகளை இறக்கி, துடைத்து, வரிசையாகப் போட்ட இதோக்காவின் பெயர் வரவில்லை. கைதட்டல் முடிந்தது. அவள் காபி ஊற்றப் போனாள்.

விளிம்பு உடைந்த கப் ஒன்று தூக்கிப் போட வேண்டியதாக ஓரத்தில் இருந்தது. அதைத் தேடி எடுத்து, துடைத்து, காபி ஊற்றி, செயலருக்குத் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் வாங்கிக் குடித்துவிட்டு, "காபி பிரமாதம்க்கா" என்றார்.

அந்த வாரம் முழுக்க அவள் உருளை இயந்திரத்தின் முன் நின்று அழுதாள். அங்கே எல்லோருக்கும் வியர்வை வழிவதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சனிக்கிழமை, செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனாள்.

பங்குச்சாமியார் அவளைவிட வயதில் மிகச் சின்னவர். அன்று அவருக்குக் கடுமையான ஜலதோஷம்.

"ஒரு கப்பு விஷயம் ஃபாதர்."

"எந்தக் கப்பு?"

அவள் முழுதாகச் சொன்னாள். எந்த இடத்தில் உடைந்திருந்தது என்பதைக்கூட விடவில்லை.

"அவர் வாயில ஏதும் கிழிச்சிடுச்சா?"

"இல்ல ஃபாதர். பிரமாதம்னாரு."

"அப்பறம் ஏன் அழறீங்க?"

"எல்லாரு பேரும் வந்துச்சு ஃபாதர். மழை பெய்யாததுக்குக்கூட நன்றி சொன்னாங்க. நான் என்ன செய்யாம விட்டேன்?"

சாமியார் மூக்கைச் சிந்தினார். பிறகு கேட்டார்: "நீங்க எதுவுமே செய்யாம சும்மா உக்காந்திருக்கீங்கன்னு வைங்க. ஆண்டவர் உங்களப் பாத்து என்ன நெனப்பாரு?"

"சும்மா உக்காந்திருக்கான்னு நெனப்பாரு."

சாமியார் தும்மினார். அது சிரிப்பாகவும் இருந்திருக்கலாம். "சரி, பரிகாரம் சொல்றேன். கொஞ்ச நாளைக்குக் கோயில்ல எந்த வேலையும் தொடாதீங்க. பூசைக்கு வாங்க, பெஞ்சுல உக்காருங்க. யாராவது எதாவது குடுத்தா வாங்கிக்குங்க. அவ்வளவுதான்."

"ஜெபமாலை சொல்றேனே ஃபாதர். முட்டி போட்டே சொல்றேன்."

"வேணாம்."

"கோயிலப் பூரா ஒரு தடவ கழுவி விட்டுடறேன்."

"அதத்தான் வேணாங்கறேன்."

"கொஞ்ச நாள்னா எத்தன நாளு?"

"போதும்னு உங்களுக்குத் தோணும்போது வந்து சொல்லுங்க."

அவளுக்கு அப்போதே போதும் என்று தோன்றியது. ஆனால் இதில் ஏதோ சூது இருக்கிறது என்று சந்தேகப்பட்டு வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம், "என்னைய வேலைய விட்டு எடுத்துட்டாங்க" என்றாள்.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். எதையும் நிதானமாகப் பார்ப்பார். "ஆஸ்பத்திரியிலயா?"

"கோயில்ல."

"அங்க வேலை பாத்தியா? சம்பளம்னு ஒண்ணும் கண்ணுல காட்டினதே இல்லையே."

அடுத்த ஞாயிறு இருவரும் சேர்ந்து கோயிலுக்குப் போனார்கள். கல்யாணத்துக்குப் பிறகு இப்படிச் சேர்ந்து போவது அநேகமாக அதுதான் முதல் தடவை. கணவர் நேராக இடதுபக்கம் ஒரு தூணுக்குப் பின்னால் இருந்த பெஞ்சுக்குப் போனார்.

"இங்கயா உக்காருவீங்க? பீடமே தெரியலயே."

"தெரியாது. ஆனா ஃபேன் காத்து நல்லா வரும்."

வழக்கம்போல் தன் பக்கத்தில் வைத்த குடையை, அவள் உட்காருவதற்காக எடுத்து அவர் கீழே போட்டார். மழைக் காலமும் இல்லை, வெயிலும் இல்லை. எதற்குக் குடை என்று அவள் கேட்டாள்.

"ஆரம்பத்துல உனக்கு எடம் புடிக்க வெச்சேன். நீ வரல. வெச்சது வெச்சபடி பழகிடுச்சு."

பாட்டு தொடங்கியது. கணவர் பாடினார். வீட்டில் ஒரு முணுமுணுப்புகூடக் கேட்டிராத மனிதர், தொண்டை நரம்பு புடைக்க, பாடகர் குழுவுக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத ஒரு சுருதியில் பாடினார். முன்வரிசையில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆண்டுக்கணக்காகக் கேட்டுப் பழகியிருக்க வேண்டும். அவள் அத்தனை வருஷமும் பின்னறையில் பூ ஜாடிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்.

பீடத்தில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றப்படவே இல்லை. முதல் வாசகத்தின் நடுவில்தான் யாரோ கவனித்து ஓடிப்போய் ஏற்றினார்கள். பூக்களை ஜாடியில் வைத்த விதத்தைப் பார்த்தால் அவை அங்கே எறியப்பட்டவை போல் இருந்தன. இதோக்கா பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். பூசை நின்றுபோகவில்லை. அப்பம் முதலில் அப்பமாக இருந்து, பிறகு ஆக வேண்டியபடி ஆண்டவரின் உடலாக ஆனது. ஒன்றும் கெடவில்லை என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரம் வந்தது. முன்பெஞ்சில் இருந்தவர் திரும்பி அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பங்குக்குப் புதுசாம்மா?" என்று அன்பாக விசாரித்தார். அவருடைய மனைவியின் அடக்கத்துக்கு வந்த கூட்டம் முழுவதற்கும் காபி ஊற்றியவள் அவள்தான். "ஆமாங்க" என்றாள்.

சலவைப் பிரிவில் கூட வேலை பார்க்கும் தோழியிடம் இதையெல்லாம் கொட்டினாள். தோழி கோயில் பக்கம் போகாதவள். "அதாவது, வேலை செய்யாம சும்மா உக்காருன்னு தண்டனை" என்று உறுதிப்படுத்திக்கொண்டாள். "உங்க சாமியார் ஒரு நாளு இங்க வருவாரா? நாங்க எல்லாரும் அதே தண்டனைய வாங்கிக்கறோம்."

அடுத்த ஞாயிறும் தூணுக்குப் பின்னால்தான். பூசை முடிந்து மண்டபத்துக்குப் போனபோது ஒரு நாற்காலியில் உட்காரும்படி கணவர் கைகாட்டினார். இதோக்கா அந்த மண்டபத்து நாற்காலிகளை ஆயிரம் தடவை தூக்கியிருக்கிறாள். உட்கார்ந்து பார்த்தால் முதுகுப் பக்கம் குத்துகிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

காபி மேசையில் அன்று செயலரும் டைப்பிஸ்ட் ஐயாவும். டைப்பிஸ்ட் ஐயா ஒரு காலத்தில் கம்பெனி அலுவலகத்தில் தட்டச்சு செய்தவர், மனைவியை இழந்தவர். ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் கைநடுக்கம் வந்துவிட்டது. "கை மட்டும் இன்னும் ஆபீஸ்லயே இருக்கு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அந்தக் கையில் ஒரு கப்பையும் சாசரையும் ஏந்திக்கொண்டு அவர் மண்டபத்தைக் குறுக்காகக் கடந்து வருவதை இதோக்கா பார்த்தாள். கப் சாசரில் மணி அடிப்பது போல் சத்தம் போட்டது. வழியில் நின்றவர்கள் ஒதுங்கினார்கள். அவர் நேராக அவளிடம்தான் வந்துகொண்டிருந்தார்.

அவள் பாதி எழுந்துவிட்டாள். கணவர் அவள் சேலை முந்தானையைப் பிடித்து மெல்ல இழுத்தார். உட்கார்ந்தாள்.

கப்பில் பாதியும் சாசரில் பாதியுமாகக் காபி வந்து சேர்ந்தது. டைப்பிஸ்ட் ஐயாவின் முகத்தில் பரீட்சையில் தேறியவனுடைய களை.

"குடிங்கம்மா. சக்கரை போட்டிருக்கேன். போட்டேன்னுதான் நெனைக்கறேன்."

"உங்களுக்கு எதுக்குங்கய்யா சிரமம்?"

"இதத்தாம்மா எப்பவும் சொல்வீங்க." அவர் பக்கத்து நாற்காலியில் மூச்சு வாங்க உட்கார்ந்தார். குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. "அவ போனப்புறம் வீட்ல எனக்கு ஒரு வேலையும் இல்ல. இங்க வந்து, எதாவது செய்யட்டுமான்னு உங்ககிட்ட எத்தனையோ தடவ கேட்டேன். நீங்க நல்ல மனசோட, 'உக்காருங்கய்யா, நான் பாத்துக்கறேன்'னு சொல்லிட்டீங்க. நானும் உக்காந்துட்டேன். இப்ப நீங்க இல்லைன்னதும் நம்ம செயலர் வேற வழியில்லாம என்னக் கூப்பிட்டாரு."

அவள் சாசரில் இருந்ததை முதலில் குடித்தாள். பிறகு கப்பில் இருந்ததை. சர்க்கரை போடவில்லை.

"நல்லாருக்குங்கய்யா" என்றாள். "இன்னொண்ணு கெடைக்குமா?"

அவர் எழுந்து போனார். மறுபடியும் அந்த மணிச் சத்தம். கணவர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார், ஏற்கெனவே துடைத்திருந்தும்.

திங்கட்கிழமை வழக்கம்போல் விரிப்புகள் வந்தன. மடித்துக்கொண்டிருந்தவள் நடுவில் நிறுத்தினாள். இதன்மேல் படுத்திருந்தவர்கள் என்ன செய்தார்கள்? ஒன்றும் செய்யவில்லை. படுத்துக் கிடந்தார்கள். சிலருக்கு வாயில் தண்ணீர்கூட இன்னொருவர்தான் ஊற்ற வேண்டும். ஆனாலும் இவன் ஒன்றும் செய்யாதவன்தானே என்று ஒரு விரிப்பையாவது அவள் ஏனோதானோவென்று மடித்தது கிடையாது. அவளுக்கே இவ்வளவு தெரியும்போது, அவளைப் படைத்தவருக்குத் தெரியாமலா இருக்கும்? அவளுக்கு என்று ஒரு விரிப்பை அவர் மடித்து வைத்திருக்க மாட்டாரா?

"என்ன, மெஷினு நின்னுடுச்சா?" என்றாள் தோழி.

"இல்ல, நான்தான் நின்னுட்டேன்."

அதன் பிறகும் பல ஞாயிறுகள் அவள் பெஞ்சில்தான் உட்கார்ந்தாள். ஒருநாள் பூசைக்கு முன் சாமியாரைத் தேடிப் போனாள்.

"போதும் ஃபாதர்."

"எது?"

"பரிகாரம்."

அவருக்கு நினைவு வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. "ஓ. என்ன தெரிஞ்சுகிட்டீங்க?"

"நான் சும்மா உக்காந்திருந்தாலும் அவருக்கு நான் வேணும்போல இருக்கு ஃபாதர். நம்பறதுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா அப்படித்தான் போல."

"யாருக்கு?"

"ஆண்டவருக்குத்தான்." கொஞ்சம் யோசித்தாள். "வீட்டுக்காரருக்கும்."

சாமியார் தலையைச் சொறிந்தார். "இத நான் பிரசங்கத்துல சொல்லிக்கலாமா?"

"சொல்லுங்க ஃபாதர். என் பேர விட்டுடுங்க."

பீடத் துணிகளைத் துவைத்து மடிப்பதை மட்டும் அவள் திரும்ப எடுத்துக்கொண்டாள். அதை அவளைவிட நன்றாகச் செய்ய அந்தப் பங்கில் ஆள் இல்லை, இதில் தன்னடக்கத்துக்கு வேலையில்லை என்று முடிவு செய்தாள். பூ ஜாடி செயலரின் மனைவிக்குப் போனது. காபி மேசை டைப்பிஸ்ட் ஐயாவிடமே இருந்தது. கப்பைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது என்று அவரே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். உடைந்த கப்பைப் பற்றி அவள் செயலரிடம் சொல்லி மன்னிப்பும் கேட்டாள். அவருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியவில்லை. நன்றியுரையில் அவள் பெயர் விட்டுப்போனதும் தெரியவில்லை. தெரிந்ததும் அவர் பதறிப்போய், இப்போதே ஒலிபெருக்கியில் சொல்கிறேன் என்று கிளம்பினார். தடுத்து நிறுத்துவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

முழுக்க மாறிவிட்டாள் என்று சொல்ல முடியாது. யாராவது துடைத்த மேசையை, யாரும் பார்க்காதபோது, இன்னொரு தடவை துடைத்துவிடுவாள்.

போன மாதம் பங்குக் கூட்டத்தில், பின்பக்கத்துச் சாமான் அறையைச் சுத்தம் செய்யும் பொறுப்பை யார் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று சாமியார் கேட்டார். அந்த அறையின் லட்சணம் எல்லோருக்கும் தெரியும். பழக்க தோஷத்தில் எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. அவள் ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னலில் பார்க்க ஒன்றுமில்லை. மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. யாரோ இருமினார்கள். கடைசியில், சமாதானம் சொல்லும்போது அவளைப் புதுசா என்று கேட்டவர், "சரி, நான் பாக்கறேன். கூட ரெண்டு பேரு வேணும்" என்றார். ரெண்டு பேர் அல்ல, நான்கு பேர் கை தூக்கினார்கள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது கணவர் கேட்டார்: "கை வலிக்குதா?"

"இல்லையே. ஏன்?"

"வலது கைய இடது கையால கெட்டியாப் புடிச்சிகிட்டே உக்காந்திருந்தியே."

"அது தன்னால மேல போகப் பாத்துச்சு" என்றாள்.