அட்டையின் பின்பக்கம்

காத்தான்குடியில் வாவிப் பக்கம் இறங்கும் ஒழுங்கையின் கடைசி வீட்டில் இருக்கும் நஸீறாவைப் பிடிக்கும் என்று சொல்லக்கூடிய ஆள் அந்த ஒழுங்கையில் இல்லை. அவருக்கும் யாரையும் பிடிப்பதில்லை. இங்கிலீஷ் படிக்க வரும் பெண்கள்கூட அவர் வீட்டு வாசலில் கொஞ்சம் தயங்கி நின்றுதான் உள்ளே போவார்கள். பிழையாக ஒரு சொல்லைச் சொன்னால் அவர் திருத்தமாட்டார். "ஆரு உனக்கு அப்பிடிச் சொன்ன? பேரச் சொல்லு" என்று கேட்பார். பெயர் சொல்ல முடியாவிட்டால் அந்தச் சொல்லை அவர் முன்னால் மறுபடி எடுக்கக்கூடாது.

இரண்டாயிரமாம் ஆண்டு குவைத்துக்குப் போனபோது அவருக்கு இருபத்தேழு வயது. எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடம் முடிந்திருந்தது. அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பதின்மூன்று வருடம் வார்ட் கூட்டித் துடைத்தார். தாதிமார் நாலைந்து நாட்டுக்காரர்கள். தங்களுக்குள் பேச அவர்களிடம் இருந்தது இங்கிலீஷ் மட்டும்தான். தரை துடைக்கிறவள் பக்கத்தில் நிற்கிறாள் என்பதற்காக யாரும் வாயை அடக்குவதில்லை. நஸீறா கேட்டுக்கொண்டே துடைத்தார். கையுறை வந்த காட்போட் பெட்டிகளை உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி, கேட்டதை அதில் எழுதினார்.

அட்டையின் நடுவில் ஒரு சொல். எல்லாரும் அறிந்த சொல்தான்: சிக், லேட், பிஸி, ரெடி. அதைச் சுற்றி, அதோடு சேர்ந்து வரும் வினைகள். சிக் என்றால் வருத்தம், சுகமில்லை என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் வருத்தம் வந்தால் 'கெட் சிக்' என்பார்கள், 'ஃபோல் சிக்' என்பார்கள். முகத்தைப் பார்த்துச் சொன்னால் 'லுக் சிக்'. வயிற்றைப் பிரட்டினால் 'ஃபீல் சிக்'. இன்றைக்கு வேலைக்கு வரமுடியாது என்று விடிய போன் எடுத்துச் சொல்வது 'கோல் இன் சிக்'. எந்தச் சொல்லோடு எந்த வினை ஒட்டும் என்பதை யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது, காதால் கேட்டே அறிய வேண்டும் என்ற முடிவுக்கு நஸீறா இரண்டு வருடத்திலேயே வந்துவிட்டார். அதனால் அட்டையின் பின்பக்கத்தில், ஒவ்வொரு வினைக்கும் நேராக, அதைச் சொன்னவர் யார், எந்த வார்ட், எதற்காகச் சொன்னார் என்று தமிழில் குறித்து வைத்தார். சொன்ன ஆள் இல்லாத சொல் முன்பக்கத்துக்கு வராது.

திரும்பி வரும்போது சூட்கேசில் முந்நூற்றுப் பன்னிரண்டு அட்டைகள் இருந்தன. போர்வையும் சென்ட் போத்தலும் எதிர்பார்த்து வந்த மச்சாள்மார், "குவைத்துக் குப்பையக் கட்டிட்டு வந்திரிக்கா" என்று சொல்லிப் போனார்கள். பதினொரு வருடம் அந்தக் குப்பையை வைத்து, வெளிநாடு போகவிருக்கும் பெண்களுக்கு வீட்டிலேயே படிப்பித்தார். ஆனாலும் ஊருக்கு அவர் 'ஆஸ்பத்திரி கழுவின நஸீறா'தான். டீச்சர் என்று ஒரு வாய் சொன்னதில்லை.

போன வருடம் சரீப் ஹாஜியாரின் ஏஜென்சிக்கு ஒரு வேலை வந்தது. வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றுக்குத் துப்புரவு வேலைக்கு இருபத்திரண்டு பெண்கள் வேண்டும். ஆறு கிழமையில் வீடியோவில் நேர்முகம், அதுவும் இங்கிலீஷில். அவர்களைப் பழக்க ஒரு ஆசிரியர் தேவை. ஹாஜியாரின் புடவைக்கடை மாடியில் வகுப்பு, வாசலில் ஆசிரியர் பெயரோடு பலகை. அந்த வகுப்பை நஸீறா விரும்பியதுபோல் வேறெதையும் விரும்பியதில்லை. அவருக்குத் தெரிந்த வேலைக்கு, அவருக்குத் தெரிந்த இடத்துக்குத்தான் அந்தப் பெண்கள் போகிறார்கள்.

அதே வகுப்பை, எல்லாரும் 'சேர்' என்று கூப்பிடும் அஸாமும் கேட்டார். டிப்ளோமா முடித்தவர், இரண்டு வீதி தள்ளி டியூஷன் நடத்துகிறவர். நஸீறாவின் பாடத்தைக் 'கோப்பை கழுவின இங்கிலீஷ்' என்று தன் வகுப்பில் சொல்லிச் சிரிப்பார். நஸீறாவும் விட்டதில்லை. அவருடைய மாணவிகளை வழியில் கண்டால், "உங்கட சேர் இங்கிலீஷப் புத்தகத்தில பாத்திரிக்கார், நேர கண்டா அடையாளம் தெரியாது" என்பார்.

ஹாஜியார் இருவரையும் ஒரு சனிக்கிழமை காலை வரச்சொன்னார். பெண்களுக்கு முன்னால் ஆளுக்கு அரை மணித்தியாலம் படிப்பிக்க வேண்டும். பிறகு தான் முடிவு சொல்வதாகச் சொன்னார்.

அஸாம் சேர் முதலில் வெள்ளைப் பலகையில் எழுதினார். நிலை மாறினால் 'பிகம்' போட வேண்டும். பிகம் சிக், பிகம் லேட், பிகம் ரெடி. "ஒரு சொல் பாடமாக்கினா போதும். எல்லாத்துக்கும் வரும்." பெண்கள் எழுதிக்கொண்டார்கள். பின்னால் இருந்த நஸீறா சத்தமாகச் சிரித்தார்.

"என்ன ராத்தா, பகிடியா இரிக்கா?" என்று கேட்டார் அஸாம் சேர்.

"பஸ் பிந்தி நிக்கக்குள்ள சுப்பவைசருக்கு போன் எடுத்து 'பிகம் லேட்' எண்டு சொன்னா, அவன் போனத் திருப்பித் திருப்பிப் பாப்பான் சேர். 'றன்னிங் லேட்' எண்டுதான் எல்லாரும் சொல்ற. பதின்மூணு வருஷத்தில ஒரு வாயால நான் உங்கட பிகம் லேட்டக் கேக்கல்ல."

"உங்கட காது கேக்காட்டி அது இங்கிலீஷ் இல்லையா?"

"என்ட காது அங்க இரிந்த. உங்கட காது எங்க இரிந்த?"

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அஸாம் சேர் மார்க்கரை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

நஸீறாவின் முறை வந்தது. சிக் அட்டையை முன்வரிசையில் கொடுத்தார். ஒவ்வொரு வினையாகச் சொல்லவைத்தார். யாரிடம் சொல்வது, எப்போது சொல்லக்கூடாது என்றும் சொல்லிக்கொடுத்தார். ஆரையம்பதியிலிருந்து வந்திருந்த பிரஷாந்தி ஒரு வினையைக் காட்டி, "இந்த மேக் என்ன ராத்தா?" என்று கேட்டாள்.

"உன்னப் பாக்க அருவருப்பா இரிக்கி எண்டு ஒருத்தர் மற்றவருக்குச் சொல்ற. 'யூ மேக் மீ சிக்.' நீங்க ஆருக்கும் சொல்லாதீங்க. உங்களுக்குச் சொன்னா விளங்கணும், அதுக்குத்தான்."

அஸாம் சேர் எழும்பி வந்து அட்டையை வாங்கினார். முன்பக்கத்தைப் பார்த்தார். திருப்பினார். பின், மாடி முழுக்கக் கேட்கும்படி வாசித்தார்:

"மேக். சுப்பவைசர் எனக்குச் சொன்னது. ஏழாம் வார்ட், ஒன்பதாம் கட்டிலில் மோதிரம் காணாமல் போன நாள். எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்."

வாசித்து முடித்து ஹாஜியாரைப் பார்த்தார். "மோதிரமாம் ஹாஜியார். ராத்தா முழங்கால் வருத்தத்தில வேலைய விட்டிட்டு வந்தவ எண்டுதானே ஊரெல்லாம் கதை?"

"அட்டையத் தாங்க" என்றார் நஸீறா.

"வாசிக்கத்தானே எழுதி வெச்சிரிக்கிங்க?"

நஸீறா அட்டையைப் பிடுங்கினார். மற்றவற்றைச் சேர்த்துக் கட்டினார். படியிறங்கிப் போனார்.

குவைத்தில் அந்த மோதிரம் கடைசிவரை கிடைக்கவில்லை. நஸீறாவை யாரும் பொலிசில் கொடுக்கவுமில்லை. ஒப்பந்தம் முடிந்தபோது புதுப்பிக்காமல் விட்டார்கள், அவ்வளவுதான். வீட்டுக்கு முழங்கால் என்று சொன்னார். அட்டையில் அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் வெட்கம் வந்த இடத்தில் ஒரு வரியை விட்டால், மற்ற வரிகளை எதை நம்பி வைத்திருப்பது என்பது அவருடைய பிடிவாதம்.

திங்கட்கிழமை ஹாஜியார் அவரை வரச்சொன்னார்.

"பாடம் உங்கட பாடம்தான் திறம், தங்கச்சி. புள்ளைகளும் அதத்தான் கேக்குதுகள். ஆனா நான் ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்புறவன். மோதிரக் கதை என்ட ஏஜென்சிப் படியேறக்கூடா. அட்டைட பின்பக்கம் எல்லாத்திலயும் வெள்ளைத் தாள ஒட்டிட்டு வாங்க. வகுப்பு உங்களுக்குத்தான்."

நஸீறா தாள் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மருமகள் நிஸ்றா கோதுமை மாவில் பசை காய்ச்சிக் கொடுத்தாள்.

"கெதியா ஒட்டுங்க மாமி. பின்பக்கத்த இனி ஆரு பாக்கப்போற?"

"உன்ட வேலையப் பாரு."

பதினொரு அட்டை ஒட்டினார். பன்னிரண்டாவதாக வந்தது பிஸி. அதன் பின்பக்கத்தில், 'கீப் பிஸி' என்பதற்கு நேராக, மூன்றாம் வார்ட்டில் மகன் இறந்த அன்று ஒரு தாய் அங்கே ஒரு தாதிக்குச் சொன்னது என்று இருந்தது. கையை வேலையில் வைத்திருக்கிறேன், அதனால் நிற்கிறேன் என்றாளாம். நஸீறா தாளை அதன் மேல் வைத்தார், எடுத்தார். பிறகு ஒட்டிய பதினொன்றையும் ஒவ்வொன்றாக உரித்தார். ஈரத் தாளோடு எழுத்தும் சேர்ந்து வந்தது. கழன்ற வரிகளை நினைவிலிருந்து திரும்ப எழுத அன்றைய பகல் போயிற்று. எழுதி முடியும்வரை பசையையும் பசை காய்ச்சியவளையும் ஏசிக்கொண்டே இருந்தார்.

பின்னேரம் அசர் தொழுதுவிட்டு ஹாஜியாருக்கு போன் எடுத்தார். "நான் ஒட்டமாட்டன்."

"அப்ப அஸாம் சேர்தான், தங்கச்சி. என்னில குறை சொல்லாதீங்க."

"உங்களச் சொல்லாம வேற ஆரச் சொல்ற?" என்று போனை வைத்தார்.

அடுத்த கிழமை வகுப்பு தொடங்கியது. பலகையில் அஸாம் சேரின் பெயர் ஏறியது. ஒழுங்கையில் மோதிரக் கதை பல வடிவம் எடுத்து ஓடியது. ஒன்றில் அது வைரமாகவும் இருந்தது. நஸீறாவிடம் வந்துகொண்டிருந்த ஆறு பேரில் நாலு பேர் நின்றுவிட்டார்கள்.

ஒரு புதன்கிழமை பிரஷாந்தி நஸீறா வீட்டு வாசல் கேற்றடியில் வந்து நின்றாள்.

"ராத்தா, வருத்தமெண்டா விடிய போன் எடுத்துச் சொல்ற சொல் என்ன? அண்டைக்குச் சொன்னீங்க, மறந்திட்டன். சேர் அதுக்கும் பிகம் எண்டுறார்."

"அவரிட்டயே கேளு. அவர்தானே உங்கட சேர்."

"கேட்டன். ஏசிப்போட்டார்."

"வடிவா ஏசினாரா?"

"ஓம்."

"அப்ப போ."

அவள் போகவில்லை. எதிர்வீட்டுப் பெண் விளக்குமாறோடு வெளியே வந்து, கூட்டாமல் நின்றாள். நஸீறா உள்ளே போய் சிக் அட்டையை எடுத்துவந்து, பின்பக்கம் மேலே தெரியும்படி கேற்றுக்கு மேலால் நீட்டினார்.

"வாசி. சத்தமா. முதலிலயிருந்து."

பிரஷாந்தி வாசித்தாள். யார் எந்த வார்ட்டில் எதைச் சொன்னார்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தாள். மோதிர வரி வந்தபோதும் அவள் குரல் இறங்கவில்லை. வாசித்து முடித்து நிமிர்ந்தாள்.

"நீங்களா எடுத்த?"

"இல்ல."

"சரி. இந்தக் கோல் இன் எண்டுறது, அத ஆருக்குச் சொல்ற ராத்தா? சுப்பவைசருக்கா, சிஸ்டருக்கா?"

நஸீறா கேற்றின் கொளுக்கியை நீக்கினார்.

"சுப்பவைசருக்கு. ஆறு மணிக்கு முதல் சொல்லணும். உள்ள வா, றோட்டில நிண்டு கத்தாத."