பதினோரு கைகள்

வாய்க்கால் நிரம்பும்வரை சத்தம் போடும். கரையை மிஞ்சப் போகும்போது சத்தத்தை நிறுத்திவிடும். மூன்று நாள் அடைமழைக்குப் பிறகு ஒரு காலையில், எங்கள் வீட்டுக் கொல்லைக்குப் பின்னால் ஓடிய வடிகால் அப்படித்தான் அமைதியானது. எனக்கு ஒன்பது வயது. சாக்கை மடித்துத் தலையில் "கொங்காணி" போட்டுக்கொண்டு அதைப் பார்த்து நின்றேன். பற்கள் அடித்துக்கொண்டதற்குக் குளிர் பாதிதான் காரணம்.

குடவாசல் பக்கத்து எங்கள் ஊரில் சம்பாப் பயிர் முழுகினால், கரையை ஏதாவது ஓர் இடத்தில் வெட்டித் தண்ணீரை வெளியே விடுவார்கள். வெட்டும் இடத்துக்குக் கீழே இருப்பவர் பாடுதான் திண்டாட்டம். எந்த இடம் என்று முடிவு செய்ய இருபத்தாறு வீட்டுக்காரர்களும் பள்ளிக்கூடத்தில் கூடினார்கள். பேச்சில் மூன்று இடங்கள் வந்தன: சுடுகாட்டு முனை, களத்துமேடு, மதகடி. மதகடியில் வெட்டினால் தண்ணீர் நேரே எங்கள் மண்சுவர் வீட்டுக்கும் அதை ஒட்டிய நான்கு வீடுகளுக்கும் வரும். சுடுகாட்டு முனையைச் சொன்னவர் அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன் கோவிந்தராஜு மாமா. அங்கே முழுகப்போவது பெரும்பாலும் அவருடைய வயல்தான்.

"வீட்டுக்கு ஒரு கை" என்றார் நாட்டாமை. மதகடிக்குப் பதினொன்று, சுடுகாட்டு முனைக்கு எட்டு, களத்துமேட்டுக்கு ஏழு. அந்த ஏழில் ஒன்று என் அப்பாவின் கை. மாமா தன் மகளின் கல்யாணப் பத்திரிகையை நேரில் வந்து வைக்காமல் ஆள்மூலம் கொடுத்தனுப்பியிருந்தார். அவர் சொன்ன இடத்துக்குக் கை தூக்குவதைவிட வீட்டோடு மிதந்து போவது கௌரவம் என்று அப்பா நினைத்திருக்க வேண்டும். அவரைப் பார்த்து அந்த நான்கு வீட்டுக்காரர்களும் களத்துமேட்டுக்கே தூக்கினார்கள். முழுகப்போகிற ஐந்து வீடுகளும் சேர்ந்து தங்களைத் தாங்களே தோற்கடித்த அந்தக் கணக்கு, என் குடும்பத்தின் அரசியல் அறிவுக்கு இன்றுவரை அத்தாட்சி.

"மதகடிதான். மம்பட்டிய எடுங்கப்பா."

அந்தப் பதினோரு கைகளில் ஒன்று என் கணக்கு வாத்தியாருடையது, இன்னொன்று எனக்கு ஆரஞ்சு மிட்டாய் தரும் கடைக்காரருடையது. ஒருவர் முகத்திலும் கோபமில்லை. எங்கள்மேல் எந்த வருத்தமும் இல்லாதவர்கள் எங்களை மூழ்கடிக்க முடியும் என்பது அப்போதுதான் தெரிந்தது. என் கால்சட்டை நனைந்தது மழையால் என்று இன்றும் சொல்லிவருகிறேன்.

பள்ளிக்கூட வாசல் ஓரம் நின்ற அம்மா உள்ளே வந்தார். "பதினஞ்சு வீடு வேற எடம் சொல்லுது, பதினோரு வீடு சொல்றத வெட்டுறீங்களே. எங்க வெட்டுனா பொறுத்துக்குவீங்கன்னு ஒவ்வொரு எடமா கேளுங்க. பொறுக்குற எடத்துக்கெல்லாம் தூக்கட்டும்."

"அப்ப ஒன் வீட்டுக்காரருக்கு மட்டும் எத்தனை கைம்மா?" என்றார் கடைக்காரர்.

"அவருக்கு ஒன்னையே ஒழுங்காத் தூக்கத் தெரியலீங்களே."

சிரிப்பு அடங்கியதும் நாட்டாமை மறுபடி எண்ணினார். மதகடிக்கு அதே பதினொன்றுதான். களத்துமேட்டுக்குப் பதினான்கு. சுடுகாட்டு முனைக்குப் பதினெட்டு; அதில் கணக்கு வாத்தியார் கையும் இருந்தது, சுவரைப் பார்த்தபடி காதுவரை மட்டும் உயர்ந்த அப்பாவின் கையும் இருந்தது.

மாமாவின் பயிர் ஒன்பது நாள் தண்ணீருக்குள் கிடந்து அழுகியது. நியாயமாக எண்ணினோம் என்பதற்காகத் தண்ணீர் யாரையும் விட்டுவைப்பதில்லை. பெரும்பாலோரால் தாங்க முடியாத முடிவு மட்டும் தவிர்க்கப்பட்டது.

இன்று அந்த வடிகாலைக் காணோம், மனைகளாகிவிட்டது. தஞ்சாவூரில் நான் குடியிருக்கும் நகரின் சங்கம், மழைத்தண்ணீரை எந்தத் தெருவழியே திருப்புவது என்று வாட்ஸப்பில் மூன்று தெருக்களைப் போட்டு வாக்கு கேட்டிருக்கிறது. ஆளுக்கு ஒரே பதில். பாதிப் பேரின் வாக்குகூட இல்லாமலே என் தெரு முன்னால் நிற்கிறது. "ஒருவரே பல பதில் சொல்லும் வசதியோடு மறுபடி போடுங்கள்" என்று செயலாளருக்கு எழுதினேன். ஒரு கட்டைவிரல் வந்தது, வேறொன்றும் நடக்கவில்லை. வெளியே மழை பிடித்துவிட்டது. என் தெருவின் பெயருக்குக் கீழே பச்சைக்கோடு இன்னும் கொஞ்சம் நீள்கிறது.