கன்ஃபர்மேஷனை நிறுத்திய வார்த்தை

"மேடம், உங்க பொண்ணு லிபர்டேரியனாமே?"

ஒரகடத்தில் எங்கள் கம்பெனி எச்.ஆர். அறையில் ஷிப்ட் ரோஸ்டர் போட்டுக்கொண்டிருந்தபோது பாஸ்கர் போனில் இப்படிக் கேட்டார். ஏதோ நோயின் பெயரைச் சொல்வதுபோல் இருந்தது குரல். பிள்ளைப்பாக்கத்தில் என் மகள் நித்யா ட்ரெய்னி இன்ஜினியராக இருக்கும் தொழிற்சாலைக்கு அவர்தான் எச்.ஆர். மேனேஜர். மறுநாள் அவளுக்குக் கன்ஃபர்மேஷன், அதாவது வேலை நிரந்தரம் என்ற மெயில், வர வேண்டும்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவரை நிரந்தரமாக்கும் முன் அவருடைய இன்ஸ்டாகிராமை ஒருமுறை மேய்வோம். சந்தேகம் வந்தால் அவரைக் கேட்பதில்லை. தெரிந்தவர் யாருக்காவது போன் போடுவோம். நித்யா தன் பெயருக்குக் கீழே அந்த ஒரு வார்த்தையைப் போட்டிருந்தாள்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு, பஸ்ஸிலேயே அதன் பொருளைத் தேடிப் படித்துக்கொண்டு பாஸ்கரின் கேபினுக்கு ஓடினேன்.

"சுதந்திரம் அது இதுன்னு ஆரம்பிச்சா நாளைக்கு கேட்ல கொடி புடிச்சிகினு உக்காந்துருவாங்க மேடம். மேலருந்து என்னைத்தான் கேப்பாங்க."

"அர்த்தம் பாத்தீங்களா பாஸ்கர்?"

"எதுக்கு? கேக்கவே ஒரு மாதிரி கீதே."

எரிச்சலை அடக்கிக்கொண்டு சொன்னேன். லத்தீனில் 'லீபெர்' என்றால் கட்டற்றவர். அந்த வேரிலிருந்து 'லிபர்ட்டி', அதிலிருந்து இந்தச் சொல். எல்லாம் முன்பே விதிக்கப்பட்டதல்ல, மனிதன் தானே முடிவெடுக்கிறான் என்று வாதிட்டவர்களுக்குத்தான் ஆங்கிலத்தில் முதலில் இந்தப் பெயர். பிறகு பிரான்சில், அரசாங்கமே வேண்டாம் என்றவர்கள் தங்களை இப்படி அழைத்துக்கொண்டார்கள். இப்போது அமெரிக்காவில், தனிமனிதர் வாழ்விலும் வியாபாரத்திலும் அரசு தலையிடக் கூடாது என்பவர்கள்.

"இருங்க, இருங்க. வியாபாரத்துல கவர்மென்ட் மூக்க நுழைக்கக் கூடாதா? எங்க எம்.டி. மீட்டிங்குக்கு மீட்டிங் அதத்தான சொல்றாரு?"

"அப்ப அவரோட கன்ஃபர்மேஷனையும் நிறுத்துங்க."

சிரித்துவிட்டார். "சரி, பாக்கறேன். ஆனா அந்த வார்த்தைய மட்டும் எடுத்துரச் சொல்லுங்க மேடம்."

வீட்டில் நித்யாவிடம் கெஞ்சினேன். "எடுத்துடு கண்ணு. வேலை முக்கியம்."

"எடுக்க மாட்டேன்மா. அவர் கேபினுக்கு எதிர்லதானே தினமும் நடக்கறேன்? கூப்பிட்டுக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்."

மறுநாள் மாலைவரை மெயில் வரவில்லை. ஆறு மணிக்கு மேல் வந்தது, நிரந்தரம்.

அந்த வார்த்தை இன்னும் அவள் பெயருக்குக் கீழேதான் இருக்கிறது. பாஸ்கரின் நம்பர் போனில் தெரிந்தால் இப்போதும் எடுப்பதற்கு முன் நித்யாவிடம் கேட்டுக்கொள்கிறேன்.

எச்.ஆர். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: ஆள் உங்கள் எதிரிலேயே நடக்கும்போது, அவள் அம்மாவுக்குப் போன் போடாதீர்கள்.